எதிரியை வீழ்த்தியும் மிஷன் தோற்பது ஏன்? விண்கலப் போர் விளையாட்டுகள் குறித்த ஒரு விளக்கம்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் சிங்கப்பூர் இளையர்கள் பலர் புதிய கணினி விளையாட்டுகளைத் தேடத் தொடங்குகிறார்கள். இணையக் கடைகளில் தள்ளுபடி விலைக்கு வரும் விண்கலப் போர் விளையாட்டுகளும் அப்போது அவர்கள் கண்ணில் படுகின்றன. ஆர்வத்தோடு தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது அல்லது மூன்றாவது மிஷனில், அதாவது விளையாட்டு ஒப்படைக்கும் பணியில், ஒரே குழப்பத்தில் வந்து நிற்கிறார்கள். கண்ணில் பட்ட எதிரிக் கலங்களையெல்லாம் சுட்டு வீழ்த்தியிருப்பார்கள். தங்கள் கலத்துக்குப் பெரிய சேதமும் இருக்காது. ஆனாலும் திரையில் ‘மிஷன் தோல்வி’ என்ற சொற்கள் தோன்றும். மறுபடி முயன்று முன்னைவிடக் கூடுதலாக எதிரிகளை வீழ்த்தினாலும் அதே முடிவுதான் வரும்.

இதற்குக் காரணம் சுடும் திறன் குறைந்திருப்பதன்று. மிஷன் அடிப்படையிலான விண்கலப் போர் விளையாட்டு, ஒருவர் எத்தனை கலங்களை வீழ்த்தினார் என்பதைக் கொண்டு வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. காக்க வேண்டியதைக் காத்தாரா, தாக்க வேண்டியதைத் தாக்கினாரா, உரிய நேரத்தில் உரிய இடத்தில் இருந்தாரா என்பதையே அது பார்க்கிறது. இந்த ஒன்று விளங்கிவிட்டால் விசைகள், ஆயுதங்கள், கவசங்கள் யாவும் எதற்காக அப்படி அமைக்கப்பட்டுள்ளன என்பது தானாகத் தெளிவாகும்.

இவ்வகை விளையாட்டு உருவான விதம்

கணினித் திரையில் விண்கலங்கள் மோதிக்கொள்வது 1962ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் ஸ்டீவ் ரசலும் அவருடைய நண்பர்களும் பிடிபி-1 கணினியில் உருவாக்கிய ‘ஸ்பேஸ்வார்!’ விளையாட்டில் இரண்டு கலங்களும் நடுவே அவற்றை ஈர்க்கும் ஒரு விண்மீனும் இருந்தன. எதிராளியை வீழ்த்துவது மட்டுமே அங்கு நோக்கம். 1984ல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் வெளியிட்ட ‘எலைட்’, முப்பரிமாண விண்வெளியில் விரும்பிய இடத்துக்குச் சென்று வணிகம் செய்யவும் சண்டையிடவும் வழிவகுத்தது.

மிஷன் என்ற கட்டமைப்பை இத்துறையில் நிலைநிறுத்தியது 1990ல் வந்த ‘விங் கமாண்டர்’ எனலாம். அதில் விளையாடுபவர் ஒரு பெரிய போர்க்கப்பலில் பணியாற்றும் விமானி. அவருக்கு உத்தரவு வழங்கப்படும். அவர் பறந்து சென்று அதை நிறைவேற்றித் திரும்புவார். பின்னர் அவருடைய செயல்பாடு மதிப்பிடப்படும். 1993ல் ‘எக்ஸ்-விங்’, 1994ல் ‘டை ஃபைட்டர்’, 1998ல் ‘டிசென்ட்: ஃப்ரீஸ்பேஸ்’, 1999ல் ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ ஆகியவை இந்தக் கட்டமைப்பைச் செம்மைப்படுத்தின. 2020ல் வெளிவந்த ‘ஸ்குவாட்ரன்ஸ்’ அதே மரபைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுவந்தது.

இக்கட்டுரை ஃப்ரீஸ்பேஸ் 2 விளையாட்டையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அதை உருவாக்கிய வொலிஷன் நிறுவனம் 2002ல் அதன் மூல நிரலைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. அன்றிலிருந்து ஆர்வலர்கள் ‘ஃப்ரீஸ்பேஸ் ஓப்பன்’ என்ற பெயரில் அதைத் தொடர்ந்து மேம்படுத்தி வருவதால், இன்றைய கணினிகளிலும் அது நன்றாக ஓடுகிறது. அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மிஷன் உள்ளுக்குள் எப்படிக் கட்டப்பட்டுள்ளது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய அரிய விளையாட்டு அது.

மிஷன் என்பது நிபந்தனைகளின் கோவை

ஃப்ரீஸ்பேஸ் 2 உடன் மிஷன்களை உருவாக்கவும் திருத்தவும் உதவும் ‘ஃபிரெட்’ என்ற மென்பொருள் வருகிறது. அதில் ஒரு மிஷனைத் திறந்தால், ஒவ்வொரு கலத்துக்கும் அது எப்போது களத்துக்கு வரும், எந்த உத்தரவுடன் வரும், எப்போது விலகிச் செல்லும் என்ற குறிப்புகளைக் காணலாம். இவற்றுக்கு மேலாக, ‘இது நடந்தால் அது நடக்கட்டும்’ என்ற வடிவிலான நிபந்தனைகள் பட்டியலிடப்பட்டிருக்கும். சரக்குக் கப்பல் ஓர் இடத்தை எட்டினால் எதிரியின் இரண்டாம் அணி வரவேண்டும். காக்கப்படும் கப்பலின் உடற்பகுதி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சேதமடைந்தால் அதன் தலைவர் உதவி கேட்கவேண்டும். அது அழிந்தால் முதன்மை நோக்கம் தோற்றதாகப் பதிவாகவேண்டும். விளையாடுபவர் பார்க்கும் பரபரப்பான போர்க்காட்சி முழுவதும் இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றாக நிறைவேறுவதன் வெளித்தோற்றம்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. நோக்கங்கள் ஒரே தரத்தவை அல்ல. முதன்மை நோக்கம் தோற்றால் மிஷன் தோற்கும். துணை நோக்கம் தோற்றால் மதிப்பீடு குறையும், ஆனால் கதை நகரும். முன்கூட்டியே அறிவிக்கப்படாத கூடுதல் நோக்கங்களும் உண்டு. அவற்றை நிறைவேற்றினால் பாராட்டு கிடைக்கும். மிஷனுக்கு முந்தைய விளக்கத்தைத் தாண்டிச் செல்லும் பழக்கம் உடையவர்கள் எது முதன்மை, எது துணை என்று அறியாமலேயே களத்தில் இறங்குகிறார்கள். பறக்கும்போதும் நோக்கங்களின் பட்டியலை விசையொன்றை அழுத்திப் பார்க்க முடியும். சண்டை சற்றே ஓயும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் நடுவழியில் நோக்கங்கள் மாறக்கூடும்.

2. எதிரிகள் அலை அலையாக வருகிறார்கள். இதுதான் புதியவர்களை மிகவும் ஏமாற்றும் இடம். ஓர் எதிரி அணிக்கு எத்தனை அலைகள் உண்டு என்பதும், நடப்பு அலையில் எத்தனை கலங்கள் மிஞ்சும்போது அடுத்த அலை வரவேண்டும் என்பதும் மிஷனில் எழுதப்பட்டிருக்கும். மிஞ்சியிருக்கும் கலங்களின் எண்ணிக்கை அந்த வரம்பை எட்டியதும் புதிய கலங்கள் வந்துவிடும். ஆகவே, அச்சுறுத்தல் குறைந்த போர் விமானங்களை விரைந்து அழிப்பது சில மிஷன்களில் அடுத்த அலையை நாமே முன்கூட்டி அழைப்பதற்குச் சமம். ‘எவ்வளவு வீழ்த்தினாலும் வந்துகொண்டே இருக்கிறார்கள்’ என்ற புகாருக்குப் பல வேளைகளில் இதுவே விடை.

3. குரல் செய்திகள் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. ஒரு நிபந்தனை நிறைவேறியதையும் அடுத்து என்ன வரப்போகிறது என்பதையும் அவையே அறிவிக்கின்றன. ‘குண்டுவீச்சுக் கலங்கள் வந்துவிட்டன’ என்ற செய்தி கேட்ட உடனே, துரத்திக்கொண்டிருக்கும் எதிரியைக் கைவிட்டுத் திரும்பும் விமானிதான் மிஷனை வெல்கிறார். ஒலியை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டபடி விளையாடுபவர்கள் இவ்வகை விளையாட்டில் பாதித் தகவலை இழக்கிறார்கள்.

பறத்தல்: மேலும் கீழும் இல்லாத வெளி

விண்கலம் மூன்று அச்சுகளில் திரும்பும். மூக்கை மேலும் கீழும் அசைப்பது ஒன்று, இடமும் வலமும் திருப்புவது இன்னொன்று, நீளவாக்கில் உருள்வது மூன்றாவது. தரை, வானம் என்ற வேறுபாடு இங்கில்லை. தலைகீழாகப் பறப்பது தவறும் இல்லை. தரையில் நடக்கும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்குப் பழகியவர்கள் உருளும் அச்சை மறந்துவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் எதிரியை நோக்கி மூக்கை இடவலமாக மட்டும் திருப்ப முயல்கிறார்கள். பல விளையாட்டுகளில் மூக்கை மேலே தூக்கும் வேகம் பக்கவாட்டில் திருப்பும் வேகத்தைவிடக் கூடுதல் என்பதால், முதலில் உருண்டு எதிரியைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, பிறகு மூக்கைத் தூக்குவதே விரைவான வழி.

உண்மையான விண்வெளியில் காற்றுத் தடை இல்லை. உந்துபொறியை நிறுத்தினாலும் கலம் சென்ற திசையிலேயே சென்றுகொண்டிருக்கும். ஆனால் இவ்விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்த இயற்பியலை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்து, வளிமண்டலத்தில் பறக்கும் விமானத்தைப் போலக் கலத்தை நடக்கச் செய்கின்றன. மூக்கு காட்டும் திசையில் கலம் செல்லும். வேகத்துக்கு உச்ச வரம்பு உண்டு. உந்துவிசையைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைக் குறைத்தால் வேகம் குறையும். நியூட்டன் விதிகளை அப்படியே பின்பற்றும் விளையாட்டுகளும் உள்ளன. 1997ல் வந்த ‘ஐ-வார்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எந்த வகை என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஒன்றில் கற்ற பழக்கம் மற்றொன்றில் இடையூறாகும்.

வேகத்துக்கும் திருப்பத்துக்கும் உள்ள தொடர்பு அடுத்த அடிப்படை. முழு வேகத்தில் பறக்கும் கலம் பெரிய வட்டத்தில் திரும்பும். ‘ஸ்குவாட்ரன்ஸ்’ விளையாட்டில் திராட்டில் பாதியளவில் இருக்கும்போது கலம் மிக விரைவாகத் திரும்பும். 2014ல் வந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ விளையாட்டில் அத்தகைய நடுத்தர வேகப் பகுதி திரையில் நீல நிறத்தில் காட்டப்படுகிறது. இரு கலங்கள் ஒன்றையொன்று துரத்தி வட்டமடிக்கும்போது முழு வேகத்தில் செல்பவருக்கு எதிராளி ஒருபோதும் குறிக்குள் சிக்கமாட்டார். வேகத்தைக் குறைத்து வட்டத்தைச் சுருக்குபவர் எதிராளியின் பின்புறத்தை அடைவார். அதே வேளையில், மெதுவாகச் செல்பவர் மற்ற எதிரிகளுக்கு எளிய இலக்காகிவிடுவார் என்பதையும் மறக்கலாகாது. ஒற்றைக்கு ஒற்றையாக மோதும்போது மட்டுமே இந்த உத்தி பயன்தரும்.

சக்திப் பங்கீடு

இவ்வகை விளையாட்டின் உயிர்நாடி என்று நான் கருதுவது இப்பகுதியைத்தான். கலத்தின் உலை ஒரு குறிப்பிட்ட அளவு சக்தியை மட்டுமே உற்பத்தி செய்யும். அதை ஆயுதங்கள், கவசம், உந்துபொறி ஆகிய மூன்றுக்கும் பங்கிட வேண்டும். ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவற்றுக்குக் குறையும். எக்ஸ்-விங் விளையாட்டில் இருந்த இந்த முறை, சிறு மாற்றங்களுடன் இன்றுவரை தொடர்கிறது. எலைட் டேஞ்சரஸ் விளையாட்டில் மொத்தம் 6 புள்ளிகள் உண்டு. மூன்று அமைப்புகளுக்கும் அவற்றைப் பங்கிடலாம். ஓர் அமைப்புக்கு அதிகபட்சம் 4 புள்ளிகளே வைக்க முடியும். ஆக, ஒன்றை உச்சத்தில் வைத்தால் எஞ்சிய இரண்டு புள்ளிகளைக் கொண்டுதான் மற்ற இரண்டும் பிழைக்கவேண்டும்.

புதியவர்கள் இந்த விசைகளைத் தொடுவதே இல்லை. தொடக்கத்தில் சமமாக இருக்கும் பங்கீட்டிலேயே மிஷன் முழுவதையும் முடித்துவிடப் பார்க்கிறார்கள். சமப் பங்கீடு எந்த நேரத்துக்கும் ஏறக்குறைய பொருந்துமே தவிர, எந்த ஒரு நேரத்துக்கும் முழுமையாகப் பொருந்தாது. ஒரு மிஷனின் ஓட்டத்தோடு பங்கீடு எப்படி மாறவேண்டும் என்பதைப் பின்வருமாறு விளக்கலாம்.

1. எதிரி தொலைவில் இருக்கும்போது ஆயுதங்களும் கவசமும் நிரம்பியே இருக்கும். நிரம்பிய அமைப்புக்குக் கொடுக்கும் சக்தி பெரும்பாலும் வீண். எனவே உந்துபொறிக்கு மாற்றி விரைவாக நெருங்கவேண்டும்.

2. சுடும் தொலைவை எட்டுவதற்குச் சற்று முன்னரே ஆயுதங்களுக்கு மாற்றவேண்டும். சுடத் தொடங்கியபின் மாற்றினால், ஆயுதங்களுக்கான சக்தி தீர்ந்து துப்பாக்கி மௌனமாகும் தருணத்தில்தான் மாற்றத்தின் பலன் வரத் தொடங்கும்.

3. யாரோ பின்னாலிருந்து சுடுகிறார்கள் என்று தெரிந்ததும் சுடுவதை நிறுத்திவிட்டு, சக்தியைக் கவசத்துக்கும் உந்துபொறிக்கும் மாற்றி விலகவேண்டும். அடி வாங்கியபடியே தாக்குதலைத் தொடர்வதால் கிடைக்கும் ஒரு வெற்றியைவிட, உயிரோடு திரும்பிவந்து பெறும் மூன்று வெற்றிகள் மிஷனுக்குப் பயன்தரும்.

கவசத்துக்குத் திசை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்-விங் விளையாட்டில் முன், பின் என இரு பகுதிகள். ஃப்ரீஸ்பேஸ் 2 விளையாட்டில் நான்கு பகுதிகள். ஒரு பகுதி தீர்ந்துவிட்டாலும் மற்றவை நிரம்பியிருக்கலாம். தீர்ந்த பகுதியை எதிரிக்குக் காட்டாமல் கலத்தைத் திருப்பவேண்டும்; நிரம்பிய பகுதியிலிருந்து தீர்ந்த பகுதிக்குக் கவசத்தை மாற்றுவது ஒரே விசையில் முடியும் வேலை. டை ஃபைட்டர் விளையாட்டில் தொடக்க நிலைக் கலங்கள் பலவற்றுக்குக் கவசமே கிடையாது. அத்தகைய கலத்தில் பறப்பவர் அடி வாங்காமல் இருப்பதையே முழுமுதல் திறனாகக் கற்கவேண்டியிருக்கும். அந்தப் பயிற்சி பின்னர் கவசமுள்ள கலங்களிலும் கைகொடுக்கும்.

குறி வைத்தல், ஏவுகணை, தற்காப்பு

நகரும் இலக்கை நோக்கி நேராகச் சுட்டால் குண்டு சென்று சேர்வதற்குள் இலக்கு நகர்ந்துவிடும். ஒரு கணக்கைப் பார்க்கலாம். குண்டு வினாடிக்கு 450 மீட்டர் செல்வதாகவும், 900 மீட்டர் தொலைவில் எதிரி குறுக்காக வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் பறப்பதாகவும் கொள்வோம். குண்டு 2 வினாடிகளில் அங்கே சென்று சேரும். அதற்குள் எதிரி 120 மீட்டர் விலகியிருப்பார். அதே எதிரி 300 மீட்டர் தொலைவில் இருந்தால் விலகல் 40 மீட்டர்தான். திரையில் எதிரிக்கு முன்னால் தோன்றும் சிறு வட்டம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் குறியீடு. எதிரி நேர்கோட்டில் செல்வார் என்ற அனுமானத்தில்தான் அது கணக்கிடப்படுகிறது. அவர் வளைந்து திரும்பினால் வட்டம் பொய்த்துவிடும். எனவே தொலைவிலிருந்து வட்டத்தை நம்பிச் சுட்டுக்கொண்டே இருப்பதைவிட, நெருங்கிச் சென்று, எதிரியின் வேகத்துக்குத் தம் வேகத்தை இணையாக்கும் விசையை அழுத்தி, விட்டுவிட்டுச் சிறிது நேரமே சுடுவதே சக்தியையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

ஏவுகணைகள் மூன்று வகைப்படும். வழிகாட்டல் இல்லாமல் நேராகச் செல்பவை ஒரு வகை. வெப்பத்தைத் தேடிச் செல்பவை இரண்டாம் வகை; இவற்றுக்குக் குறி பூட்டத் தேவையில்லை, எதிரியின் பின்புறத்திலிருந்து ஏவினால் பலன் கூடும். மூன்றாம் வகை, எதிரியைச் சில வினாடிகள் திரையின் நடுவில் வைத்திருந்து குறி பூட்டியபின் ஏவப்படுபவை. ஃப்ரீஸ்பேஸ் 2 விளையாட்டில் டெம்பஸ்ட் முதல் வகை, ராக்ஐ இரண்டாம் வகை, ஹார்பூன் மூன்றாம் வகை. நெடுந்தொலைவு செல்லும் ட்ரெபுஷே ஏவுகணையையும் இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். மெதுவாக நகரும் குண்டுவீச்சுக் கலங்களை அவை நெருங்குவதற்கு முன்பே தொலைவிலிருந்து தாக்க அது பொருத்தமானது. பாதுகாப்பு மிஷன்களில் தோற்றுக்கொண்டிருப்பவர் வேறெதையும் மாற்றாமல் இந்த ஏவுகணையை மட்டும் ஏற்றிச் சென்றாலே பெரிய வேறுபாட்டைக் காணலாம்.

தம்மை நோக்கி ஏவுகணை வரும்போது செய்யவேண்டியவை சில. எச்சரிக்கை ஒலி கேட்டதும் பதறிப்போய், ஏவுகணையை ஏமாற்ற வீசப்படும் திசைதிருப்பிகள் எல்லாவற்றையும் ஒருசேர வீசிவிடக்கூடாது. ஏவுகணையின் வழிக்குக் குறுக்காகக் கலத்தைத் திருப்பி, அது நெருங்கும் வேளையில் ஒன்றிரண்டு திசைதிருப்பிகளை வீசி, சிறிது நேரம் கூடுதல் வேகம் தரும் ஆஃப்டர்பர்னரை அழுத்தி விலகவேண்டும். ஏவுகணைக்கும் திரும்பும் வட்டம் உண்டு. நேராக முன்னோக்கி ஓடுபவரை அது எளிதில் பிடிக்கும். குறுக்காக வெட்டித் திரும்புபவரைத் தவறவிடும்.

எதை முதலில் தாக்குவது?

கப்பல்களைப் பாதுகாக்கும் மிஷனில் புதியவர்களைத் தோற்கடிப்பது இந்தத் தேர்வுதான். எதிரியின் போர் விமானங்கள் வேகமாகச் சுழன்று கவனத்தை ஈர்க்கும், நம்மைச் சுடும், கோபமூட்டும். அவற்றால் பெரிய கப்பலுக்கு நேரும் சேதம் பொதுவாகச் சிறிது. ஆரவாரமில்லாமல் மெதுவாக வரும் குண்டுவீச்சுக் கலங்கள்தாம் கப்பலை மூழ்கடிப்பவை. பாலர் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கும் ஆசிரியர், ஒலியெழுப்பிச் செல்லும் மோட்டார் சைக்கிளைத் துரத்திக்கொண்டு ஓடமாட்டார். பிள்ளைகளின் பக்கத்திலேயே நிற்பார். பாதுகாப்பு மிஷனில் விமானியின் நிலையும் அதுவே.

பெரும்பாலான பாதுகாப்பு மிஷன்களுக்குப் பொருந்தும் முன்னுரிமை வரிசை இது.

1. ஏற்கெனவே ஏவப்பட்டுக் கப்பலை நோக்கி வந்துகொண்டிருக்கும் வெடிகுண்டுகள். ஃப்ரீஸ்பேஸ் 2 விளையாட்டில் இவற்றையும் இலக்காகத் தேர்ந்தெடுத்துச் சுட்டு வீழ்த்த முடியும். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

2. குண்டுவீச்சுக் கலங்கள். அவற்றை அழிக்க முடியாவிட்டாலும், தொடர்ந்து தாக்கிக் குறி பூட்டவிடாமல் தடுத்தால் நேரம் கிடைக்கும்.

3. நம்மைப் பின்தொடரும் போர் விமானம்.

4. மற்றவை அனைத்தும்.

இன்னொரு பழக்கமும் தேவை. காக்கவேண்டிய கப்பலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதை அடிக்கடி பார்க்கவேண்டும். ஓர் எதிரியைத் துரத்தியபடி பல கிலோமீட்டர் சென்றுவிட்டு, உதவி கேட்கும் குரல் ஒலித்தபின் திரும்பினால், வந்து சேர்வதற்குள் முடிவு எழுதப்பட்டிருக்கும்.

பெரிய போர்க்கப்பலைத் தாக்கும் மிஷனில் சிந்தனையை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே கப்பலை ஒரே இலக்காகக் கருதாமல், உறுப்புகளின் தொகுப்பாகக் கருதவேண்டும். சுழல்பீரங்கிகள், உந்துபொறி, உணர்கருவிகள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிவைக்கலாம். ஃப்ரீஸ்பேஸ் 2 விளையாட்டில் பெருங்கப்பல்கள் கதிர்ப் பீரங்கிகளால் ஒன்றையொன்று பிளக்கும் என்பதால், நம் கப்பலை நோக்கியிருக்கும் எதிரியின் கதிர்ப் பீரங்கிகளை முதலில் அழிப்பதே பெரும்பாலும் போரின் போக்கைத் தீர்மானிக்கும். எல்லாப் பக்கங்களிலும் பீரங்கிகள் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. அவை குறைவாக உள்ள பக்கத்தைக் கண்டறிந்து அங்கிருந்து நெருங்கவேண்டும்.

சில மிஷன்களில் எதிரிக் கப்பலை அழிப்பதே தோல்வி. அதைச் சிறைபிடிக்கவேண்டும் என்று உத்தரவு இருந்தால், உந்துபொறியை மட்டும் செயலிழக்கச் செய்து, பீரங்கிகளை மட்டும் அகற்றி, உடற்பகுதியை விட்டுவைக்கவேண்டும். சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் மிஷன்களும் அப்படித்தான். பெட்டியை நெருங்கி, அதை நோக்கியபடி, சோதனை முடியும்வரை பொறுத்திருக்கவேண்டும். ரோந்து மிஷன்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குறித்த புள்ளிகளை வரிசையாகக் கடந்தால் போதும். எதிர்பாராத ஒன்று நடக்கும் என்பது மட்டும் உறுதி.

உடன் பறப்பவர்கள்

தனியாகப் போரிடுவதாக நினைத்து விளையாடுபவர்கள் கையிலிருக்கும் படையில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலேயே விடுகிறார்கள். விங்மேன்கள் எனப்படும் உடன் பறக்கும் விமானிகளுக்கு உத்தரவிட ஃப்ரீஸ்பேஸ் 2 விளையாட்டில் தனிப் பட்டியல் உண்டு. என் இலக்கைத் தாக்கு, என் இலக்கைக் காப்பாற்று, என்னைக் காத்து நில், அணிவகுப்பில் சேர், இலக்கின் உந்துபொறியை முடக்கு, பீரங்கிகளை அகற்று, இந்த இலக்கைத் தொடாதே என்பன அவற்றுள் முக்கியமானவை. சிறைபிடிக்கவேண்டிய கப்பல் அருகில் வந்ததும் கடைசி உத்தரவை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது பாதுகாப்பானது. இல்லையெனில் ஆர்வமிக்க ஒரு விங்மேனே அதை வெடிக்கச் செய்து மிஷனைத் தோற்கடித்துவிடக்கூடும். பொதுவாக, வேலையை இரண்டாகப் பிரித்து, போர் விமானங்களை விங்மேன்களிடம் ஒப்படைத்துவிட்டுக் குண்டுவீச்சுக் கலங்களைத் தாமே கவனிப்பது நல்ல தொடக்கம்.

ஏவுகணைகள் தீர்ந்துபோனால் அதே பட்டியல் வழியாக ஆதரவுக் கலத்தை அழைத்து மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். நிரப்பும் வேளையில் நம் கலம் அசையாமல் நிற்கும் என்பதால், இரு அலைகளுக்கு இடைப்பட்ட அமைதியில் அழைக்கவேண்டும்.

கருவிகளும் இணைய இணைப்பும்

மிஷன்களை முடிக்க ஜாய்ஸ்டிக் கட்டாயமன்று. விசைப்பலகையும் சுட்டெலியும் போதும்; கேம்பேடும் பொருந்தும். ஆனால் ஜாய்ஸ்டிக்கில் உருளுதலையும் மூக்கைத் தூக்குதலையும் ஒரே கையசைவில் இணைக்க முடிவது உண்மையான நன்மை. வாங்க விரும்புவோர் சிம் லிம் ஸ்குவேர், ஃபுனான் போன்ற இடங்களில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படிப்பு மேசையில் விசைப்பலகையும் இருக்கவேண்டும் என்பதால், திராட்டில் தனியாக வரும் பெரிய தொகுப்பைவிட அடிப்பகுதியிலேயே திராட்டில் அமைந்த சிறிய ஜாய்ஸ்டிக் பலருக்கு ஏற்றது. கைப்பிடியைச் சுழற்றினால் கலம் இடவலமாகத் திரும்பும் வசதி அதில் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

பிறருடன் இணையத்தில் மோதும்போது சிங்கப்பூரிலிருந்து விளையாடுபவருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஒளியிழைக் கம்பிக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் செல்கிறது. சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் நேர்கோட்டுத் தொலைவே 10,000 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே, கம்பி நேராகவே சென்றாலும் ஒரு தகவல் சென்று திரும்ப வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். கடலடிக் கம்பிகள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். வீட்டு இணையத்தின் வேகத்தை உயர்த்தினாலும் இந்தத் தாமதம் குறையாது. ஐரோப்பிய சர்வரில் விளையாடும்போது நன்றாகக் குறிவைத்த குண்டுகளும் தவறுவதற்கு இது ஒரு காரணம். இயன்றவரை அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தனி ஆட்டக்காரருக்கான மிஷன்களில் எல்லாம் நம் கணினியிலேயே நடப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அடிப்படைகளைக் கற்க அவையே சிறந்த களம்.

தோல்வி வந்தால்

மிஷன் முடிந்ததும் வரும் மதிப்பீட்டில் எந்த நோக்கம் தோற்றது என்பதோடு, அடுத்த முறைக்கான பரிந்துரையும் பல விளையாட்டுகளில் தரப்படும். அதைப் படித்தபின் ஆயுதத் தேர்விலோ விங்மேன்களுக்கான உத்தரவிலோ ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து மறுபடி முயல்வது, எல்லாவற்றையும் மாற்றிவிட்டு முயல்வதைவிடக் கூடுதலாகக் கற்றுத்தரும், ஏனெனில் எந்த மாற்றம் பலன் தந்தது என்பது அப்போதுதான் தெரியும். ஃப்ரீஸ்பேஸ் 2 விளையாட்டில் ஐந்து கடினநிலைகள் உள்ளன. ஒரே மிஷனில் ஐந்து முறை தோற்றால் அதைத் தாண்டி அடுத்ததற்குச் செல்லவும் விளையாட்டே அனுமதி கேட்கும். அதை ஏற்பதில் தவறில்லை. காரணம் தெரியவேண்டும் என்று விரும்புவோர் அந்த மிஷனை ஃபிரெட் மென்பொருளில் திறந்து, தம்மை முறியடித்த அலை எந்த நிபந்தனையால் வந்தது என்பதை நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா விளையாட்டுகளிலும் தோற்றவுடன் மறுபடி தொடங்கவேண்டும் என்பதும் இல்லை. விங் கமாண்டர் விளையாட்டின் கதை கிளைகளாகப் பிரிகிறது. ஈன்யோ என்ற முதல் விண்மீன் தொகுதியில் நன்றாகச் செயல்பட்டால் அடுத்து மெக்காலிஃப் தொகுதிக்கும், இல்லையெனில் கேட்வே தொகுதிக்கும் செல்லவேண்டியிருக்கும். அடுத்தடுத்த வெற்றி தோல்விகளைப் பொறுத்து, போர் வீனஸ் தொகுதியில் வெற்றியாகவோ ஹெல்ஸ் கிச்சன் தொகுதியில் பின்வாங்கலாகவோ முடியும். இடையில் ஒரு விங்மேன் இறந்தால், எஞ்சிய மிஷன்களில் அவர் இருக்கமாட்டார். அவருடன் பறக்கவேண்டிய மிஷன்களில் தனியாகவே பறக்க நேரும். அத்தகைய விளையாட்டில், உடைந்த கவசத்தோடு விலகிச் செல்லும் விங்மேனைக் காப்பதற்காக ஒரு துணை நோக்கத்தைக் கைவிடுவது பல வேளைகளில் சரியான முடிவாக அமையும்.